முதல் கோப்பையை யார் நீட்டியது?

நடிகர்களின் சீரழிவைச் சொல்லும் நம் படங்களுக்கு ஒரு குற்றவாளி கட்டாயம் வேண்டும். 2018இல் வந்த 'நடிகையர் திலகம்' நல்ல சான்று. தெலுங்கில் 'மகாநடி'யாக நாக் அஸ்வின் எடுத்த படம். நடிகை சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது, தகுதியான விருதுதான். அதில் சாவித்திரியின் குடி அவர் கணவர் ஜெமினி கணேசனிடமிருந்து தொடங்குகிறது. ஜெமினியின் மகள் கமலா செல்வராஜ் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்தத் தகராறில் எனக்கு அக்கறை இல்லை. முதல் கோப்பையை யார் நீட்டினார் என்று இத்தனை நேரம் விசாரிக்கும் படம், ஆயிரமாவது கோப்பை எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. சாவித்திரியே தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' (1971) கையைச் சுட்டது, 1980 மே மாதம் பெங்களூரில் நினைவிழந்தது, அப்படியே ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்து 1981 டிசம்பர் 26இல் இறந்தது. கதையின் கனமே இந்தப் பத்தாண்டில்தான். படமோ இதைக் கண்ணீரோடு ஓட்டிக் கடக்கிறது.

நடிகை சில்க் ஸ்மிதாவை நினைவூட்டிய 'தி டர்ட்டி பிக்சர்' (2011) இந்திக்காரர்கள் எடுத்தது. ஸ்மிதாவின் குடும்பத்திலிருந்து எதிர்ப்பு வந்ததும், இது நேரடியாக அவர் கதை இல்லை என்று நழுவிக்கொண்டார்கள்.

அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடரின் 'ஆட்டோ ஃபோகஸ்' (2002) வேறு வழியில் போனது. 1965 முதல் 1971 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொடரின் நாயகன் பாப் கிரேன். ஓயாத பெண் மோகம். அதை வீடியோவில் பதிவுசெய்து பார்க்கும் வெறி. கூட்டாளி, வீடியோ கருவி விற்கும் ஜான் கார்ப்பென்டர். 1978இல் அரிசோனாவில் கிரேன் அடித்துக் கொல்லப்பட்டார். கார்ப்பென்டர் மீதான வழக்கு 1994இல் விடுதலையில் முடிந்தது. கொலை மர்மமாக எடுத்திருந்தால் நன்றாக விற்றிருக்கும். ஷ்ரேடர் பழக்கத்தைப் பின்தொடர்கிறார். அது முற்ற முற்றப் படத்தின் பளிச்சென்ற வண்ணம் வெளிறுகிறது, கேமரா தள்ளாடுகிறது. கிரேன் கடைசிவரை சிரித்த முகமாகவே இருக்கிறார். கிரேனின் ஒரு மகன் இந்தப் படத்தையும் கடுமையாக மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழக்கத்தைப் பின்தொடர நம் பக்கத்திலும் ஓர் இடம் உண்டு, வேலூரின் பாகாயம். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1957இல் அங்கே தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அதன் பழைய வழக்கம். குடிக்கு அடிமையானவரும் அவருக்குச் சோறு போடுகிறவரும் ஒரே அறையில் நாட்களைக் கழிக்கிறார்கள். அதில் யார் வில்லன் என்று பிரிப்பது கஷ்டம். நம் திரைக்கதைகள் அந்த அறைக்குள் இன்னும் போகவில்லை.

போகாததற்குத் தயாரிப்பாளர்கள் சட்டத்தைக் காரணம் காட்டுவார்கள். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: பொது ஆவணத்தில் உள்ளதை அனுமதியின்றி எழுதலாம், அந்தரங்கத்துக்குள் போனால் விளைவு எழுதியவர் தலையில். அதனால் தயாரிப்பாளர் நடிகரின் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கப் போகிறார். கையெழுத்தோடு நிபந்தனையும் வருகிறது.

நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் வாழ்க்கை இன்னும் படமாகாமல் இருக்கிறது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி, அதில் சாவித்திரியோடு நடித்தார். குடியில் கரைந்து 1974இல் இறந்தார். யாராவது எடுத்தால், அவருக்கு ஊற்றிக் கொடுத்தவரைத் தேடி இடைவேளை வரை ஓட்டாமல் இருக்க வேண்டும்.