சாவி யார் கையில்?

பணியிடத்தில் வண்டி திருடுபோனால் யார் பொறுப்பு என்பதற்கான வழக்கமான விடையை வண்டி ஷெட் சுவரிலேயே பார்க்கலாம்: “வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு.”

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிர்வாகம் காப்பீட்டு நிறுவனம் அல்ல. 1946-இல் டியாங் எதிர் ஷென்பர்ன் வழக்கில், ஊழியரின் உடைமையைத் திருட்டிலிருந்து காக்கும் பொதுக் கடமை முதலாளிக்கு இல்லை என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14-இல் அளித்த தீர்ப்பு வேறு வகையானது. டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் 1998-இல் திருடுபோன காரின் சாவியை அதன் உரிமையாளர் ஓட்டல் ஊழியரிடம் கொடுத்திருந்தார். ஆகவே அது ‘ஒப்படைப்பு’ ஆனது; கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியது ஓட்டலின் பாடு; சீட்டில் அச்சிட்ட ‘சொந்தப் பொறுப்பு’ வாசகம் அதன் கவனக்குறைவை மறைக்காது என்றது நீதிமன்றம்.

நிர்வாகங்களுக்காக வாதிடுவோர் இந்தத் தீர்ப்பிலிருந்தே தப்பிக்க வழி தேடுகிறார்கள்: தொழிலாளியின் சாவி அவர் பையில்தானே இருக்கிறது, ஒப்படைப்பு எங்கே? இந்த வாதத்தின் பெருங்குறை, சாவியை மட்டும் பார்ப்பது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு சாவியைப் பற்றிப் பேசவில்லை. பொருளை மற்றவர் வசத்தில் சேர்க்கும் எந்தச் செயலும் ஒப்படைப்பே என்கிறது. 151-ஆம் பிரிவோ, சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளைக் காப்பதைப் போலக் காக்கச் சொல்கிறது. அதற்குக் கட்டணம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

வண்டியை வெளியே நிறுத்தக் கூடாது, ஷெட்டில்தான் விட வேண்டும், டோக்கன் காட்டினால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார் என்ற விதிகள் உள்ள இடத்தில் சாவி வெறும் இரும்புத் துண்டு. வண்டியை வெளியே விடும் அதிகாரம் கேட்டில் இருக்கிறது. சேரன்மகாதேவியிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு இரவு ஷிப்டு வருபவருக்கு வண்டியை விட வேறு இடமும் இல்லை. அதிகாரத்தை நிர்வாகமும் இழப்பைத் தொழிலாளியும் வைத்துக்கொள்வது பங்கீடு ஆகாது, அது அநீதி.

காப்பீடு இருக்கிறதே என்ற ஆறுதலும் பலருக்குப் பொருந்தாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அது திருட்டுக்கு ஒரு ரூபாயும் தராது.

எனவே பொறுப்பைக் கட்டுப்பாட்டின் அளவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். வேலியும் காவலும் இல்லாத திறந்தவெளியில் வண்டியை விட்டவர் இழப்பை ஏற்கலாம். கேட்டும் டோக்கனும் உள்ள ஷெட்டில், உரிய கவனம் எடுத்ததை நிர்வாகமே நிரூபிக்க வேண்டும். தவறினால் வண்டியின் விலையைக் கொடுக்க வேண்டும். சுவரில் எழுதிய ஒரு வரி இந்தக் கடமையை அழிக்க முடியாது.