அறிவுரை மட்டும் போதுமா? ‘மருந்து’ அதிகாரமும் நம் இளைஞர் முகாம்களும்

ஜொகூரில் பள்ளி விடுமுறை வந்தால் இளைஞர் முகாம்களுக்குக் குறைவில்லை. பலவற்றில் ‘ஆரோக்கிய வாழ்வு’ என்று ஓர் அங்கமும் இருக்கும். அப்படி ஒரு முகாமுக்கு மாணவர்களோடு போயிருந்தேன். நீரிழிவு பற்றி ஒரு மணி நேரம் நல்ல உரை. முடிந்ததும் தேநீர் வேளை: சிவப்புச் சிராப், கேசரி. “டீச்சர், இப்பதானே சீனியைக் குறைங்கன்னு சொன்னாங்க?” என்றாள் ஒரு மாணவி. என்னிடம் பதில் இல்லை.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. அதாவது, நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளில் 942 முதல் 947 வரை ஆறும் உணவைப் பற்றியவை. நோயை ஆராய்வது 948இல்தான் வருகிறது. மாணவர்கள் பலர் 948ஐ மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால், அதற்கு முந்திய ஆறில்தான் பழக்கம் இருக்கிறது: முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, அளவு என்ன? வள்ளுவர் வெறுமனே ‘ஆரோக்கியமாக இரு’ என்று சொல்லவில்லை. எப்படி என்று சொல்கிறார்.

நம் முகாம்களில் விடுபடுவது இந்த ‘எப்படி’தான். சுகாதார அமைச்சின் ‘டொக்டர் மூடா’ திட்டம் 1989இல் கிளந்தானில் தொடங்கியது. அதில் மாணவர்களே பயிற்சி பெற்று, சக மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். முகாமிலும் இதைச் செய்யலாமே! தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்ற அமைச்சின் அளவை, மதிய உணவின்போது பிள்ளைகளே பரிமாறிப் பார்க்கட்டும். ஓர் உரையைவிட அந்த ஒரு வேளைச் சாப்பாடு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, ‘இளைஞர்கள் நல்ல பழக்கங்களைப் பின்பற்ற வேண்டும்’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். யார், எங்கே, எப்படிப் பழக்குவது என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். கருத்து வலுப்படும்.

ஆசிரியர்களே, அடுத்த முகாமுக்குப் பேச்சாளரைத் தேடும் முன், சமையல் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.