மன்செலின் கோணல் மரம்

ஜவுளிக்கடையில் கிளிப்பச்சை என்று கேட்டால் நான்கு பச்சைகளை எடுத்துப் போடுவார்கள், நான்கும் கிளிப்பச்சைதான். பாஸ்டன் நகரத்து ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செலுக்கும் நிறப்பெயர்களின் மேல் இதே எரிச்சல் இருந்தது. இசைக்குக் குறியீடு இருக்கும்போது நிறத்துக்கு ஏன் கூடாது என்று கேட்டு, 1905-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு நிறத்தை அவர் மூன்று கேள்விகளால் பிடித்தார். சிவப்பா, மஞ்சளா, பச்சையா? அது சாயல். எவ்வளவு வெளிறியது? அது வெளிர்மை, கருப்புக்கு 0, வெள்ளைக்கு 10. சாம்பலிலிருந்து எவ்வளவு விலகித் துலங்குகிறது? அது செறிவு. ‘5ஆர் 4/14’ என்று எழுதினால் நடுச்சிவப்பு, கொஞ்சம் இருண்டது, நன்றாகத் துலங்குவது என்று பழகியவர் படித்துவிடுவார்.

மன்செலின் உண்மையான துணிச்சல் செறிவுக்கு உச்சவரம்பு வைக்காததுதான். அவருக்கு முன் பலர் நிறங்களை அழகான உருண்டைக்குள் அடைத்தார்கள்; அவரும் உருண்டையில்தான் தொடங்கினார். ஆனால் கண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் வெளிறிய நிலையில், வெளிர்மை 8-ஐ ஒட்டித்தான் உச்சத் துலக்கம் பெறுகிறது. ஊதாவை ஒட்டிய நீலமோ இருண்ட நிலையில் உச்சம் தொடுகிறது. அதனால் உருண்டை, கிளைகள் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குட்டையான கோணல் மரமாகிவிட்டது. அந்தக் கோணலை அவர் வெட்டிச் சரிசெய்யவில்லை. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1943-இல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் குழு பலருடைய கண்களை வைத்து நிறங்களுக்கு இடையிலான இடைவெளிகளைத் திருத்தியது. அதனால் இது ஓர் ஓவியரின் ரசனையோடு நின்றுவிடவில்லை.

இருந்தாலும் எல்லா இடத்திலும் அவர் கண்ணுக்குக் கட்டுப்பட்டார் என்று சொல்ல முடியாது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நான்குமே வேறொன்றின் கலப்பாகத் தோன்றாதவை என்பது உடலியலாளர் ஹெரிங்கின் கொள்கை, சுவீடனின் என்.சி.எஸ். என்ற நிறக் குறியீட்டு முறை அதன்மேல்தான் நிற்கிறது. மன்செல் ஊதாவையும் சேர்த்து ஐந்தாக்கினார். பத்தின் மடங்குகளாகப் பிரிக்க வசதி என்பது தவிர வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு குறை மறைவானது: வெளிர்மையில் ஒரு படி, செறிவில் ஒரு படி, சாயலில் ஒரு படி மூன்றும் கண்ணுக்கு ஒரே அளவு மாற்றமல்ல. மங்கிய நிறத்தில் கண்டுபிடிக்கவே முடியாத சாயல் மாற்றம், துலங்கும் நிறத்தில் பளிச்சென்று தெரியும். குறியீட்டைப் பார்த்தால் இது புரியாது.

இந்த முறை உண்மையில் சோதிக்கப்படுவது மண் ஆய்வில். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மண் ஆய்வாளர்கள் ஒரு கட்டியை உடைத்து, நிற அட்டைப் புத்தகத்தின் துளைக்குப் பின்னால் பிடித்து, எந்த நிறச் சில்லோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். உலர்ந்த கட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், வெளிர்மை இறங்கிவிடும். ஈரமா, உலர்வா என்று எழுதாத எண்ணுக்குப் பயனில்லை. மாலை வெயில் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். கைபட்டுக் கைபட்டுச் சில்லுகளும் அழுக்கேறும்.

இதெல்லாம் கைப்பழக்கத்தால் சமாளிக்கக்கூடியது. கவலைப்படவேண்டியது எண்ணின் தோரணை. ‘10ஒய்ஆர் 3/2’ என்பது வெப்பமானியில் படித்தது போல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒருவர் அந்த வெளிச்சத்தில் எடுத்த முடிவு. நீர் தேங்கும் நிலத்தில் இரும்பு ஒடுக்கமடைந்து மண் சாம்பல் நிறமாகும் என்பதால், செறிவு 2-ஓ அதற்குக் குறைவோ இருப்பதை அமெரிக்காவில் ஈரநிலத்துக்கான அடையாளங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். 2-க்கும் 3-க்கும் நடுவே இரண்டு கண்கள் முரண்படுவது சர்வசாதாரணம்.

கருவியால் அளந்து மன்செல் எண்ணாக மாற்றலாமே என்பார்கள். அரைத்துச் சலித்த மண்ணுக்கு அது சரி. குழியிலிருந்து எடுத்த கட்டியில் துருப்புள்ளியும் சாம்பல் பட்டையும் ஒட்டி ஒட்டி இருக்கும். கருவி இரண்டையும் கலந்து, அங்கே இல்லாத ஒரு நிறத்தைச் சொல்லும். கண் இரண்டுக்கும் தனித்தனியே எண் எழுதும்.