பித்தும் நோயும்

கோபி கிருஷ்ணனின் (1945-2003) 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளைப் பற்றிய நூல் என்று சொல்லப்படுகிறது. தலைப்பே இதை மறுக்கிறது. அவர்கள் பேசுகிறார்கள், ஆசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'பற்றி எழுதுவது' என்பதிலிருந்து 'பேசவிடுவது' வரைக்கும் உள்ள தூரத்தைத் தமிழில் அதிகம் பேர் கடக்கவில்லை.

பித்து என்ற சொல்லுக்கு நம்மிடம் மதிப்புக் குறைவில்லை. சிவனே பித்தன். சொ. விருத்தாசலம் விரும்பியே புதுமைப்பித்தன் ஆனார். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு இந்த மதிப்பில் பங்கு கிடையாது. அவனுக்காக நாம் வைத்திருப்பவை கிண்டலும் மௌனமும்தான். கிண்டலுக்கு ஓர் இடப்பெயரே போதும். மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலத்துக்கு வருகிறவர்களில் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்; 'கீழ்ப்பாக்கம்' என்றால் எல்லோருக்கும் சிரிக்கத் தெரியும். சினிமா செய்த காரியம். மௌனத்தின் பாஷை விடுப்பு விண்ணப்பத்தில் இருக்கிறது. வங்கி குமாஸ்தாவாகிய எனக்கு அது பழக்கமானது. மனச்சோர்வுக்கு அங்கே பெயர் மஞ்சள் காமாலை. மருந்துச் சீட்டை உள்ளூர்க் கடையில் நீட்டாமல் சேலத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். உடல்நோயாளிக்குச் சமமாக மனநோயாளியை நடத்தவேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பத்தின் பாஷை இன்னும் மாறவில்லை.

உளவியல் படித்தவர், மனநலத் துறையில் சமூகப்பணி செய்தவர், தாமே மனநோயில் அவதிப்பட்டவர் கோபி கிருஷ்ணன். இம்மூன்றையும் ஒரே ஆள் என்ற பிரக்ஞையோடு அவர் எழுதினார். அவர் உரைநடை இரக்கம் கோருவதில்லை. நோயைத் தத்துவமாக உயர்த்துவதுமில்லை. சம்பளம், குடும்பம், தூக்கமின்மை, மருந்து எல்லாம் ஒரே தொனியில் வருகின்றன. வெளிப்படையாகப் பேசுவது என்பதற்கு நம் இலக்கியத்தில் உள்ள உதாரணம் இந்தத் தொனிதான் என்று நினைக்கிறேன். ஒப்புதல் வாக்குமூலத்தில் எப்போதும் ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது. இங்கே குற்றம் எதுவும் இல்லை.

சிறுபத்திரிகை வட்டம் இந்தத் தொனியைக் கற்கவில்லை. 'ழ'வை நடத்திய ஆத்மாநாம் மனநோயோடு போராடி 1984-இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், தற்கொலையில் இறந்தார். அதன்பின் அவர் கவிதைகளை நாம் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறோம். அவற்றிலுள்ள கேலி, அரசியல், சகமனித அக்கறை எல்லாமே மரணத்துக்குச் சாட்சியங்களாகிவிடுகின்றன. இது அஞ்சலி போலத் தோன்றினாலும் மோசமான விமர்சனம். ஒரு கவிஞனின் உழைப்பை அவன் நோயின் கணக்கில் வரவு வைக்கிறது.

இதில் இழப்பு விமர்சனத்துக்கு மட்டும் என்றால் விட்டுவிடலாம். நம்மைப் படிக்கிற இருபது வயதுக்காரன் ஒருவன், தூக்கம் கெட்டு, டாக்டரிடம் போகத் தயங்கி நிற்கிறான். மாத்திரை தன் கவிதையைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. ஆத்மாநாமுக்கு இருந்தது நோய், அவர் எழுதியது கவிதை என்று இரண்டையும் தனித்தனியே, சாதாரணக் குரலில் சொல்லியாகவேண்டும்.