தறியும் களரியும்: காஞ்சிபுரம் வட்டாரக் கூத்தை உழைப்பாக வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

வடதமிழகக் கூத்து பற்றிய ஆய்வுகள் அதனைச் சடங்காகவும் நவீன நாடகத்தின் வேராகவும் கண்ட அளவிற்கு ஒரு தொழிலாகக் காணவில்லை. 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் செயற்பாடுகளை, அதே வட்டாரத்துப் பட்டுத்தறியின் உழைப்பு முறையோடு சேர்த்து நோக்கும் இக்கட்டுரை, முன்பணம், பெயர், சிறார் கல்வி, பெண் நடிப்பு ஆகியவற்றை விவாதிக்கின்றது.

திறவுச்சொற்கள்: கட்டைக்கூத்து, தெருக்கூத்து, பட்டுநெசவு, முன்பணம், ஜமா, கட்டியங்காரன்

சடங்கும் வேரும்

காஞ்சிபுரம் பற்றிய எழுத்துகளில் கோயிலும் பட்டும் பெறும் இடத்தைக் கூத்து பெறுவதில்லை. நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நிகழ்கின்றன. அருச்சுனன் தபசன்று மரமேறும் நடிகர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குகின்றனர். படுகளத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் வீழ்த்தப்பட, தீமிதியோடு விழா முடிகின்றது. இறந்தோர்க்கான சடங்கை ஒட்டிக் கர்ண மோட்சம் ஆடப்படுவதும் இவ்வட்டார வழக்கம்.

இவ்வளவு செறிவான நிகழ்வை ஆய்வாளர் முதலில் சடங்காகவே கண்டதில் வியப்பில்லை. ஆல்ஃப் ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூல் (1988) செஞ்சியை மையமாகக் கொண்டு கூத்தை வழிபாட்டின் ஓர் உறுப்பாக விளக்கியது. ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் நூல் (1990) அதனைப் பாரத அரங்காக அணுகியது. தமிழ்ச் சூழலில் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் கட்டுரைகள், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தின் வழியாகக் கூத்தை நவீன நாடகக்காரர் கற்கவேண்டிய முழுமையான அரங்கு என நிறுவின. கூத்தை நாட்டார் கேளிக்கை என்று ஒதுக்கியிருந்த நகரத்து மனநிலைக்கு அது வலுவான மறுமொழி.

ஆயினும் இவ்விரு வாசிப்புகளிலும் கூத்தர், பக்தியின் ஊடகமாகவோ மரபின் சேமிப்பாகவோ நிற்கின்றார். இரவு பத்து மணிக்கு மேல் முகத்தில் அரிதாரம் பூசி, மரக்கட்டை அணிகளைச் சுமந்து, விடியும்வரை பாடியும் ஆடியும் கூலி வாங்கும் தொழிலாளியாக அவர் இடம்பெறுவது அரிது. ஹன்னா டி புரூயின் 1999இல் வெளியிட்ட நூலே இப்பக்கத்தை விரிவாகத் திறந்தது. அந்நூல் தமிழ்க் கல்விப்புலத்தில் பெயர் விவாதத்திற்காக மட்டும் மேற்கோள் காட்டப்படுவது வருந்தத்தக்கது.

முன்பணம்

கூத்துக் குழுவை வடமாவட்டங்களில் ஜமா என்பர். ஊரார் தாம்பூலமும் முன்தொகையும் கொடுத்து ஜமாவை உறுதிசெய்வது ஓர் ஒப்பந்தம். அதனுள் மற்றோர் ஒப்பந்தம் உண்டு. ஜமாவின் உரிமையாளர் நடிகருக்கும் வாத்தியக்காரருக்கும் பருவத் தொடக்கத்தில் ஒரு தொகையை முன்பணமாகத் தருகின்றார். வாங்கியவர் அப்பருவம் முழுதும் அந்த ஜமாவிலேயே ஆடக் கடமைப்பட்டவர். இடையில் விலகினால் தொகையைத் திருப்பவேண்டும், அல்லது அவரை ஏற்கும் புதிய ஜமா அதனை அடைக்கவேண்டும்.

இம்முறையைப் பட்டுத்தறியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் காஞ்சிபுரத்தில் புரிந்துகொள்ள இயலாது. கூலி நெசவாளர் முதலாளியிடம் முன்பணம் பெறுகின்றார். கூலியிலிருந்து பிடித்தம் நடந்தாலும் திருமணம், நோய், மழைக்காலம் என ஒவ்வொன்றும் கடனைப் புதுப்பிக்கின்றது. மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறிப் பாவு நனைந்தால் நெசவு நின்றுவிடும். மழை கூத்தையும் நிறுத்தும். வேலையற்ற மாதங்களே இரு தொழில்களிலும் முன்பணத்தின் விளைநிலம்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. தறியில் முன்பணம் பெரும்பாலும் உழைப்பவரைத் தளைப்பது. கூத்திலோ திறமையுள்ள நடிகர் அதனைத் தம் மதிப்பின் அளவாகவும் கொள்கின்றார். மிகுதியான முன்பணம் கேட்கத்தக்கவர் என்பது ஒரு புகழ்மொழி. ஆகவே இரண்டையும் கொத்தடிமை என்ற ஒரே சொல்லால் குறிப்பது பிழையாகும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் தடைசெய்த உறவுக்கும் தொழில் மரபாக நீடிக்கும் உறவுக்கும் இடைப்பட்ட பரப்பே இங்கு ஆராயத்தக்கது.

பெயரில் என்ன இருக்கின்றது

கூத்தரின் தொழிற்குரல் அமைப்பாகத் திரண்டது 1990இல். பெருங்கட்டூர்க் கூத்து மரபில் வந்து, சிறுவயதிலேயே தந்தையிடம் பயின்று மேடையேறிய பெ. இராசகோபாலும் டி புரூயினும் பிற கூத்தரும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். ‘தெருக்கூத்து’ என்ற வழக்கைத் தவிர்த்து, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் முதலிய மர அணிகளால் பெயர்பெறும் ‘கட்டைக்கூத்து’ என்ற சொல்லைச் சங்கம் முன்வைத்தது. ‘தெரு’ என்னும் அடை கலையை இழிவாகச் சுட்டப் பயன்படுகின்றது என்பது அதன் வாதம். புரிசை மரபினரோ தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையுடன் கொண்டுள்ளனர்.

இவ்விவாதத்தை ஆய்வாளர் பலரும் எது பழைய சொல் என்ற அகராதிச் சிக்கலாகச் சுருக்கிவிட்டனர். அது தொன்மை பற்றிய வினா அன்று. கூலி பேசும் இடத்தில் மதிப்பு எவ்வாறு நிலைநாட்டப்படுகின்றது என்பதே வினா. ‘தெருவில் ஆடுபவன்’ என்று அழைக்கப்படுபவர் பேசும் கூலி வேறு, கலைஞர் என்று அழைக்கப்படுபவர் பேசும் கூலி வேறு. அவ்வகையில் பெயர்மாற்றம் ஒரு தொழிற்சங்க நடவடிக்கை எனலாம்.

அப்பெயருக்கு ஒரு குறையும் உண்டு. முழுக் கட்டை அணிவரிசை அரசர்க்கும் வீரர்க்கும் உரியது. திரௌபதிக்கும் சுபத்திரைக்கும் பொன்னுருவிக்கும் அது இல்லை. கட்டையால் பெயர்பெறும் கலையில் பெண் பாத்திரம் பெயருக்கு வெளியே நிற்கின்றது. ஆண்களே பெண்வேடம் புனைந்த காலத்தில் இது எவருக்கும் உறுத்தவில்லை.

குருகுலம்

2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் சங்கம் ஓர் உறைவிடக் குருகுலத்தைத் தொடங்கியது. பள்ளிக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் ஒருசேர அளிப்பது அதன் நோக்கம். ஜமாவில் சேரும் சிறுவன் இரவெல்லாம் விழித்தமையால் பகலில் பள்ளிக்குச் செல்ல இயலாமற் போவதே அதற்கான காரணம்.

இம்முடிவை அதன் காலத்தில் வைத்து வாசித்தல் வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டுநெசவில் சிறார் உழைப்பு அப்போது நாடறிந்த செய்தி. 2003 தொடக்கத்தில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் கடனுக்குப் பிணைக்கப்பட்ட சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்நகரும் இடம்பெற்றது. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பான கோர்வை நெசவே சிறாரைத் தறிக்கு இழுத்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்து இரண்டையும் இழைக்கு இழை பிணைக்க மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் எளிதில் ஆவதன்று. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளும் உதவிக் கை பெரும்பாலும் ஒரு குழந்தையின் கையாக இருந்தது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் அழகியலுக்குள் இந்த உழைப்பும் நெய்யப்பட்டிருந்தது.

தறிச் சிறாரை மீட்பதற்கு அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் தொண்டு நிறுவனங்களும் கையாண்ட வழி, குழந்தையைத் தொழிலிலிருந்து விலக்கிப் பள்ளியில் சேர்த்தல். குருகுலம் தொழிலை விலக்கவில்லை, தொழிலையே பாடமாக்கியது. கூத்தில் இளமையில் பயிலாத குரலும் காலும் பின்னர்ப் பிடிபடுவது அரிது என்னும் நடைமுறை அறிவு அதன் பின்னே இருந்தது. ‘குலத்தொழில் கற்பித்தல்’ என்ற ஐயம் தமிழகத்தில் எழுவது இயல்பு. 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தின் நினைவு இங்கு இன்னும் மறையவில்லை. ஆனால் சாதியாலும் பாலினாலும் கூத்துரிமை இல்லாதவர்க்கும் கதவு திறந்தமையால் அவ்வையம் பெருமளவு வலுவிழக்கின்றது.

பெண்பிள்ளைகள் சேர்ந்தமையே குருகுலத்தின் ஆழ்ந்த விளைவு. அவர்கள் கட்டை கட்டித் துரியோதனனாகவும் கர்ணனாகவும் களரியில் கிறுகிறுத்துச் சுழன்றபோது, மேலே சுட்டிய பெயரின் குறை மேடையிலேயே திருத்தப்பட்டது. பெயர் விவாதத்தை எழுதுவோர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் பயிற்சி கொடுத்த இடத்தை ஊர் கொடுத்துவிடவில்லை. இரவுத் தொழிலுக்குப் பெண் செல்வது பற்றிய பேச்சும் திருமணமும் பலரது ஆட்டத்தை நிறுத்தும் இடங்கள். பள்ளியால் நடிகையை உருவாக்க இயலும். அவரை அழைத்துத் தாம்பூலம் வைக்கும் ஊரை உருவாக்குவது வேறு பணி.

கட்டியங்காரனின் பேச்சு

அன்றாட வாழ்வு கூத்துக்குள் நுழையும் வாயில் கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனை ‘யார்’ என்று கேட்பவனும், பாரதத்தின் நடுவே அரிசி விலையையும் உள்ளூர்த் தலைவரையும் இழுத்துவருபவனும் அவனே. இரத்தின நாயகர் பதிப்பு போன்ற அச்சுப் புத்தகங்களில் விருத்தமும் தருவும் வசனமும் உள்ளன. அன்றிரவு கட்டியங்காரன் பேசியது இல்லை. அச்சுப்பிரதியை மூலபாடமாகக் கொள்ளும் ஆய்வேடுகள் கூத்தில் சமகால விமரிசனம் குறைவு என்று முடிவுகட்டுவது, சல்லடையால் அள்ளிவிட்டு ஆற்றில் நீரில்லை என்பதை ஒத்தது.

துகில் உரியும் இரவில் இவ்வாயில் சற்று மூடிக்கொள்கின்றது. திரௌபதியின் சேலையைத் தொடுமுன் துச்சாதனன் வேடமிட்டவர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, தாம் செய்யவிருப்பது நடிப்பே என்று அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டுவது சில ஜமாக்களின் வழக்கம். சடங்கு வாசிப்பு இதனைத் தெய்வ அச்சம் என்கின்றது. அது சரியே. அதனுடன், இதனை ஒரு தொழிலாளி தம் வேலைக்கும் தமக்கும் இடையே பொதுவில் கோடு கிழிக்கும் தருணமாகவும் காணலாம். சேலை நெய்து பிழைப்போர் நிறைந்த வட்டாரத்தில், இழுக்க இழுக்க முடிவுறாத சேலையைப் பார்த்திருப்போர் அதனை எவ்வாறு காண்கின்றனர் என்பதை எந்தக் கள ஆய்வும் இதுவரை போதிய அளவு கேட்கவில்லை.

2017இல் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் இராசகோபாலின் குழுவினர் இணைந்து கர்நாடக இசையையும் கட்டைக்கூத்தையும் ஒரே மேடையில் நிகழ்த்தினர். அம்முயற்சி பற்றிய எழுத்துகள் இரு அழகியல்களின் சந்திப்பையே பெரிதும் பேசின. ஊர்க் களரியில் எட்டு மணிநேரம் விரியும் ஆட்டம் நகர அரங்கின் சில மணிநேரத்திற்குச் சுருங்குகையில் முதலில் வெட்டுப்படுவது கட்டியங்காரனின் நீண்ட பேச்சு என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

பதினெட்டு ஆண்டுகள் இயங்கிய குருகுலம் 2020இல் நிறைவுற்றது. அங்குப் பயின்றோருள் சிலர் கூத்தில் தொடர்கின்றனர். அவர்கள் முன்பணத்தை முந்தைய தலைமுறை வாங்கிய அதே நிபந்தனையில் வாங்குகின்றனரா, எழுதப் படிக்கக் கற்றமையால் ஒப்பந்தம் தாளில் ஏறியுள்ளதா, பெண் நடிகைக்கு அதே கட்டை வேடத்திற்கு அதே கூலி கிடைக்கின்றதா என்பவற்றை ஜமாக்களின் கணக்கேடுகளிலிருந்தே அறிய இயலும். அவ்வேடுகள் ஆவணக் காப்பகம் எதனையும் இன்னும் சென்றடையவில்லை; வாத்தியார் வீட்டுப் பெட்டியில், கிரீடத்தோடும் புஜக்கட்டையோடும் கிடக்கின்றன.