நிறத்தை ஒதுக்கிப் பார்க்கும் கண்

வேட்டைப் பறவைகளை இனங்காணும் கலையில் ஒருவர் அடைந்திருக்கும் தேர்ச்சி, நூல்களில் வரையப்பட்ட எந்த உருவத்தோடும் பொருந்தாத நிறமுடைய பறவையின் ஒளிப்படம் அவர் முன் வைக்கப்படும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. இத்தேர்வுக்கு இந்தியப் பறவைகளுள் தேன் பருந்தைவிடச் சிறந்த பொருள் இல்லை. தேனீ, குளவி ஆகியவற்றின் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களை உண்ணும் இப்பறவையில் ஒன்று அடிப்பகுதி முழுவதும் பால்வெண்மையாகவும், மற்றொன்று செம்பழுப்புப் பட்டைகளோடும், வேறொன்று ஏறத்தாழக் கருமையாகவும் இருக்கும். வயதாலும் பருவத்தாலும் மாறாமல் பிறவியிலேயே அமையும் இத்தகைய வேறுபாட்டை நிறவகை என்பர். சில தேன் பருந்துகள் தம்மினும் வலிய குடுமிக் கழுகுகளை ஒத்திருப்பது அவற்றுக்குப் பாதுகாப்பாக அமையலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

ஆகவே தேர்ந்த கண் முதலில் நிறத்தை ஒதுக்கிவிட்டு உடலமைப்பைப் படிக்கிறது. நீண்டு மெலிந்த கழுத்தின் முனையில் புறாவினுடையதைப் போன்ற சிறிய தலை, வட்டமிடும்போது மேல்நோக்கி உயராமல் தட்டையாக விரியும் அகன்ற சிறகுகள், மூலைகள் மழுங்கிய நீண்ட வால் ஆகிய மூன்றும் ஒருங்கே தெரிந்தால், பறவை எந்த நிறத்தில் இருந்தாலும் தேன் பருந்து என்ற முடிவு நெருங்கிவிடுகிறது. கிளையில் அமர்ந்த பறவையாயின் கால்களே சான்று கூறும். குடுமிக் கழுகின் கால்களில் விரல்வரை இறகு மூடியிருக்க, தேன் பருந்தின் கணுக்கால் வெறுமையாக இருக்கும்.

இக்கலையின் நுண்மை முகத்தில்தான் உச்சம் பெறுகிறது. வளர்ந்த பெண் பறவையின் கண் மஞ்சள். வளர்ந்த ஆணின் கண் கரும்பழுப்பு. இளம் பறவையின் கண்ணும் கருமையாகவே இருப்பதால் கண் மட்டும் வழக்கைத் தீர்ப்பதில்லை. அலகின் அடியை மூடிய மென்தோல் இளம் பறவையில் மஞ்சளாகவும் வளர்ந்ததில் சாம்பல் நிறமாகவும் இருப்பதைச் சேர்த்துப் பார்க்கையில், மங்கலான ஒரு படத்தின் சில புள்ளிகளிலிருந்தே வயதும், வளர்ந்த பறவையாயின் பாலும் தெளிவாகிவிடுகின்றன. ஒரு குறிப்பை மற்றொன்று திருத்தி நிறைவு செய்யும் இந்த அழகே இக்கலையை மனப்பாடத்திலிருந்து பிரித்து உயர்த்துகிறது.

உண்மையிலேயே பிறழ்ந்த நிறம் வேறொரு வகை. இறகுகளில் நிறமி படியாமற்போவதால் உடல் முழுதுமோ திட்டுத்திட்டாகவோ வெண்மையாவதை லூசிசம் என்பர்; இதில் கண் தன் இயல்பான நிறத்தை இழப்பதில்லை. மெலனின் என்னும் கருநிறமி இறகுக்கு உறுதியும் தருவதால், அது இல்லாத வெள்ளை இறகுகளின் நுனி விரைவில் தேய்ந்து கிழியும். ஆகையால் படத்தில் வெள்ளை இறகின் விளிம்பு எவ்வாறு இருக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. ஆயினும் ஒளியின் சூழ்ச்சியை முதலில் நீக்கியாக வேண்டும். வெளிர்ந்த வானத்தின் முன் எடுத்த படம் வெளிர்ப் பறவையையும் இருட்டாக்கும். மணற்பரப்பிலிருந்து மேலெழும் ஒளி அடிப்பகுதியை மிகையாக வெளுப்பிக்கும். ஒரே பறவையின் தொடர்ச்சியான பல படங்கள், அழகிய ஒற்றைப் படத்தைக் காட்டிலும் மதிப்புடையன என்பதற்குக் காரணம் இதுவே.

ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட பறவைக் கையேடு, வேறுபடுத்தும் குறிகளை ஓவியத்தில் சுட்டிக்காட்டும் முறையைப் பரப்பியது. ஃபின்லாந்தைச் சேர்ந்த டிக் ஃபோர்ஸ்மன் 2016இல் வெளியிட்ட நூலோ, பறக்கும் வேட்டைப் பறவைகளை ஒளிப்படங்களைக் கொண்டே விளக்குகிறது. ஓர் இனத்துக்குள் நிலவும் வேறுபாடுகளின் விரிவை இத்தகைய நூலே நேர்மையாகக் காட்டவல்லது.

நெருங்கிய இரு இனங்களைப் பிரிப்பதற்கும் உடலமைப்பே உதவுகிறது: சிறகின் நுனியில் விரல்களாகப் பிரியும் இறகுகள் ஐரோப்பியத் தேன் பருந்தில் ஐந்து, இதுவரை பேசிய ஆசிய இனத்தில் ஆறு. சிறகின் மணிக்கட்டில் கருந்திட்டு முன்னதற்கு உண்டு, பின்னதற்கு இல்லை. இவ்விரு இனங்களும் கலந்து ஈனுவதும் உண்டாதலால், ஆறு விரல்களும் மங்கிய மணிக்கட்டுத் திட்டும் ஒரே படத்தில் தென்படும்போது, கற்றறிந்தவர் கலப்பினமாகலாம் என்று மட்டும் எழுதி, இனப்பெயருக்குரிய இடத்தை வெற்றாக விடுகிறார்.