தண்ணுமையாசிரியனும் ஒலிபெருக்கியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன் முதலாக யாழாசிரியன் ஈறாகப் பலர்தம் அமைதிகளை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் தண்ணுமையாசிரியனுக்கு ஓதிய இலக்கணம் இன்றைய கச்சேரி மேடைகளை நோக்குவார்க்கு வியப்பளிப்பதாகும். பண்ணும் தாளமும் பிறவும் பிழையற உணர்ந்திருத்தல் மட்டும் போதாது. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் கேட்போர் செவிக்கு எட்டும்படியாகவே அவன் முழக்குதல் வேண்டும். பிற கருவிகளின் ஒலி குறையுமிடத்து நிரப்பலும், மிகுமிடத்து அடக்கலும், அவ்விரண்டிலும் அளவு கடவாமையும் அவன் தொழில் என்பது உரைகாரர் வழிப் பெறப்படும். விரற்றொழிலின் விசித்திரம் இவற்றின் பின்னரே கூறப்படுகின்றது. இம்முறைவைப்பு ஊன்றி நோக்கத்தக்கது.

அஃது ஆடலரங்குக்கு உரியது, கச்சேரிக்குப் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். ஆடலாயினும் பாடலாயினும் வல்லோசைக் கருவி மெல்லோசையை விழுங்கும் இயல்பு ஒன்றேயன்றோ?

ஒலிக்குறையைப் போக்கப் பலரும் முயன்றனர். தம் வயலின் பின்வரிசையினர்க்கும் கேட்கவேண்டுமென மைசூர் சௌடையா (1895–1967) ஏழு தந்தி பூட்டி வாசித்தார். 1930களில் ஒலிவாங்கி மேடையேறியபின் பாடகர் சுருதியைத் தாழ்த்திப் பாடவும் இயன்றது. இந்நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆக்கவும் அடக்கவும் வேண்டிய பொறுப்பு வித்துவானின் செவியை விட்டு, மண்டபத்தின் மூலையில் திருகு திருப்புவோன் கைக்குச் சென்றுவிட்டது. மிருதங்கமேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிவாங்கியை விரும்பாதது வீண்பிடிவாதமன்று. இன்றோ மேடையிலும் கலைஞரை நோக்கி ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. தம் ஒலி தமக்குக் கேட்கவில்லையென ஒருவர் கூட்டச் சொல்ல, மற்றவரும் கூட்டச் சொல்கின்றார்; மந்தரஸ்தாயியில் பாடகர் இறங்குங்கால் சாகித்தியம் மறைந்துவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் கோயில் மண்டபமொன்றிற் கச்சேரி நடுவே மின்சாரம் நின்றது. முதற்கண் மிருதங்கமே கேட்டது. சிறிது நேரத்தில் அவ்வித்துவான் பாடகர் பக்கம் செவி சாய்த்து, தொப்பியின் ஓசையைக் குறைத்து, விரல்நுனியால் வாசிக்கலானார். வயலினும் தணிந்தது. அதுகாறும் விளங்காதிருந்த சரணத்தின் சொற்கள் தூணருகே இருந்த எமக்கும் தெளிவாகக் கேட்டன. கால்மணி நேரத்தில் மின்சாரம் மீண்டது, சபையோர் கைதட்டினர், சொற்கள் மறுபடியும் மறைந்தன.